450 குதிரைகள் எங்கே போச்சு?

செமஸ்டர் லீவுக்கு முந்தின ராத்திரி. ஹாஸ்டல் மூணாவது மாடி, ஒரே லேப்டாப், எட்டு பேர். ஓடிக்கொண்டிருந்தது 2001-ல் வந்த முதல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’. கடைசியில் வின் டீசல் தன் கறுப்பு 1970 டாட்ஜ் சார்ஜரை எடுத்து, முன் சக்கரம் ரெண்டும் அந்தரத்தில் நிற்கக் கிளப்புவார் இல்லையா, சரியா அந்த இடத்தில் ஃபைனல் இயர் மெக்கானிக்கல் அண்ணன் ஒருத்தர் படத்தை நிறுத்திவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"டேய், இந்தக் காலத்து வண்டிக்கு ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ்னு ஒரு கூட்டாளி உண்டு. அதுவும் 1970 மாடல்தான். 7.4 லிட்டர் இன்ஜின், 450 குதிரைத்திறன். கம்ப்யூட்டர் கிடையாது, டர்போ கிடையாது, ஒண்ணும் கிடையாது. 2015-ல வந்த மஸ்டாங்ல 2.3 லிட்டர், நாலே சிலிண்டர், 310 குதிரை. இது அது முன்னாடி நிக்குமா?"

ஆறு பேர் தலையாட்டினோம். ஒரு செகண்ட் இயர் பையன் மட்டும் போனைத் தடவிவிட்டு, "அண்ணா, ரெண்டும் 60 மைல் தொட எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாருங்க" என்றான்.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96.5 கிமீ வேகத்தைத் தொட, அந்த ஷெவெல் அன்றைய பத்திரிகைச் சோதனைகளில் 6 விநாடியை ஒட்டி எடுத்திருக்கிறது. 2015-ல் வந்த ஈகோபூஸ்ட் மஸ்டாங் ஐந்தரை விநாடியை ஒட்டி. 140 குதிரை கம்மியாக இருக்கிற வண்டி முன்னாடி போகிறது! அப்போ மிச்சக் குதிரையெல்லாம் எங்கே போச்சு? அண்ணன் "அதெல்லாம் சும்மாடா" என்று படத்தைப் போட்டுவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. லீவு முழுக்க நோண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேப்பர் பேனா பக்கத்தில் இருந்தால் நல்லது, நடுவில் ஒரு சின்னக் கணக்கு வரும்.

விதியில் ஒரு ஓட்டை

மசில் கார் என்றால் என்ன? நடுத்தர அளவு, ரெண்டு கதவு, விலை கட்டுப்படியாகிற அமெரிக்கக் கார். அதற்குள் பெரிய காருக்கான வி8 இன்ஜினைத் திணித்துவிட வேண்டியது. அவ்வளவுதான் ஃபார்முலா. அதற்கு முன்னாலும் இப்படிச் சில வண்டிகள் உண்டு என்றாலும், கதையைப் பெரும்பாலும் 1964 பான்டியாக் ஜிடிஓ-விலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

1963 ஆரம்பத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தன் பிரிவுகள் எதுவும் கார் ரேஸ் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு போட்டது. நடுத்தரக் கார்களில் 330 கன இன்ச்சுக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய டீமும் அந்த விதியை நன்றாகப் படித்தார்கள். (நாம் எக்ஸாம் ரெகுலேஷனைப் படிக்கிற மாதிரி, ஓட்டை எங்கே என்று தேடித்தான்.) விதி காரின் அடிப்படை மாடலுக்குத்தான். வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற ‘ஆப்ஷன்’ பற்றி அதில் எதுவும் இல்லை. டெம்பஸ்ட் லெமான்ஸ் என்ற சாது வண்டிக்கு 389 கன இன்ச் இன்ஜினை ஒரு ஆப்ஷன் பேக்கேஜாக விற்றார்கள். 389 கன இன்ச் என்றால் 6.4 லிட்டர். ஜிடிஓ என்ற பெயரை ஃபெராரியிடமிருந்து கூச்சமே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். முதலில் 5000 வண்டி போதும் என்று நினைத்த நிறுவனம், முதல் வருஷமே 32,450 விற்றது.

அப்புறம் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு இன்ஜினை வளர்த்துக்கொண்டே போனார்கள். கிரைஸ்லரின் 426 ஹெமி 7 லிட்டர், 425 குதிரை. உச்சம் 1970-ல் அண்ணன் சொன்ன அந்த ஷெவெல்: 454 கன இன்ச், 450 குதிரை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும். 1964 மார்ச் மாத ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை ஒரு ஜிடிஓ-வை ஓட்டிப் பார்த்து, 60 மைல் தொட 4.6 விநாடி என்று எழுதியது. நாடே வாயைப் பிளந்தது. பல வருஷம் கழித்து பான்டியாக்கின் விளம்பர வேலையைப் பார்த்த ஜிம் வாங்கர்ஸ் உண்மையை ஒப்புக்கொண்டார். அந்தச் சோதனைக் காரில் இருந்தது 389 இல்லை, 421 கன இன்ச் இன்ஜின்.

அன்றைய குதிரையும் இன்றைய குதிரையும் ஒன்றல்ல

முதல் குட்டு இங்கேதான் உடைகிறது. 1970-ல் 450 என்று போட்டார்களே, அது ‘கிராஸ்’ குதிரைத்திறன். இன்ஜினை மட்டும் தனியாக டெஸ்ட் ஸ்டாண்டில் ஏற்றுவார்கள். ஏர் ஃபில்டர் கிடையாது, சைலன்சர் கிடையாது, ஆல்டர்னேட்டர் போல இன்ஜினின் சக்தியைத் தின்கிற துணைக்கருவிகளும் கிடையாது. இக்னிஷன் டைமிங்கை அந்த நிமிஷத்துக்கு எது நல்லதோ அப்படி வைத்துக்கொள்ளலாம். ஜிம்மில் சட்டையைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோ மாதிரி.

1972 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் ‘நெட்’ முறைக்கு மாறின. காரில் இருக்கிற எல்லாத் துணைக்கருவிகளோடும், காரின் சொந்த சைலன்சரோடும் அளக்கிற முறை. இன்றைக்கும் அமெரிக்காவில் அதன் வழிவந்த எஸ்ஏஇ தரம்தான். நடுவில் 1971-ல் சில இன்ஜின்களுக்கு ரெண்டு எண்ணும் வெளியானது நமக்கு அதிர்ஷ்டம். ஹெமி கிராஸ் கணக்கில் 425, நெட் கணக்கில் 350. ஒரு போல்ட் கூட மாறவில்லை, அளக்கிற விதம் மட்டும்தான் மாறியது. 75 குதிரை காலி.

கார்வெட்டின் எல்டி-1 இன்ஜின் இன்னும் சுவாரசியம். 1970-ல் 370. 1971-ல் 330. இது உண்மையான குறைவு. கம்ப்ரஷன் ரேஷியோவை 11-லிருந்து 9-க்கு இறக்கினார்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதே 1971 இன்ஜின் நெட் கணக்கில் 275. இணையத்தில் "1971-ல் 330, 1972-ல் 255, சர்க்காரே வி8-ஐக் கொன்னுடுச்சு" என்று புலம்புகிற பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறைவில் பெரும்பகுதி வெறும் அளவுகோல் மாற்றம்.

சரி, ஹெமியின் விகிதத்தையே ஷெவெலுக்கும் போடுவோம். 450 என்பது சுமார் 370 நெட் ஆகிறது. சின்ன இன்ஜின் மஸ்டாங்கின் 310 நெட் கணக்கிலேயே சொன்னது. இடைவெளி 140-லிருந்து 60-க்கு வந்துவிட்டது. ஆனாலும் பாருங்கள், ஷெவெல்தான் இன்னும் மேலே இருக்கிறது. அப்படியானால் அது முன்னாடி போயிருக்க வேண்டாமா?

ஒரு கை அகலம்

1750 கிலோ வண்டி நான்கு டயரில் நிற்கிறது. டயருக்கு 437 கிலோ. காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ என்றால் தரையைத் தொடுகிற பரப்பு டயருக்கு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். உங்கள் கையை விரல்களோடு மேஜையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்ஜின் என்ன கத்தினாலும், ரோட்டுக்குப் போகிற விசை முழுக்க அந்தக் கை அகலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அதுவும் பின் சக்கர டிரைவ் என்றால் ரெண்டு கை மட்டும்.

இப்போது கணக்கு. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்தான், பயப்படாதீர்கள். பின் டயர் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விசை = உராய்வுக் கெழு × பின் டயர் மேல் விழுகிற எடை. இந்த வண்டிகளில் கனமான வி8 முன்னால் உட்கார்ந்திருப்பதால் பின்னால் 44 சதவீத எடை என்று வைப்போம். வண்டி சீறும்போது எடை கொஞ்சம் பின்னால் சாயும். ஈர்ப்பு மையத்தின் உயரம் வீல்பேஸில் 0.18 பங்கு என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத் தெரு டயருக்கு உராய்வுக் கெழு 0.8. இவையெல்லாம் நான் எடுத்துக்கொண்ட தோராய எண்கள், நீங்கள் மாற்றிப் போட்டும் பார்க்கலாம்.

முடுக்கம் = 0.8 × 0.44 ÷ (1 − 0.8 × 0.18) = 0.41 ஜி. அதாவது 4.03 மீ/வி². 60 மைல் என்பது விநாடிக்கு 26.8 மீட்டர். வகுத்தால் 6.65 விநாடி.

ஒரு நிமிஷம் நின்று கவனியுங்கள். இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்கேயாவது வந்ததா? வரவே இல்லை! 400 குதிரை வைத்தாலும் 4000 வைத்தாலும், அந்த டயரில் அந்த வண்டி 6.65 விநாடிக்குக் கீழே வர முடியாது. நல்ல ரோடு, கொஞ்சம் சூடான டயர், கிளட்ச் பிடிக்கத் தெரிந்த டிரைவர் என்றால் 6 வரை இறங்கும். பத்திரிகைச் சோதனையில் வந்ததும் அதுதான்.

அந்த 0.41 ஜி முடுக்கத்தை 60 மைல் வரை தக்கவைக்க எவ்வளவு சக்தி வேண்டும்? நிறை × முடுக்கம் × வேகம்: 1750 × 4.03 × 26.8 = 189 கிலோவாட், சுமார் 253 குதிரை. அதுவும் கடைசி நொடியில்தான். பாதி வேகத்தில் அதில் பாதி போதும். சக்கரத்துக்கு 300-க்கு மேல் வந்து சேர்கிற வண்டியில் மிச்சமெல்லாம் ரப்பர் புகை. அண்ணனுடைய குதிரைகள் போன இடம் இதுதான். 60 மைலைத் தாண்டிய பிறகு அவை வேலைக்கு வரும், அதனால்தான் கால் மைல் ஓட்டத்தில் ஷெவெல் இன்றைக்கும் மரியாதையான நேரம் காட்டும்.

இப்போது அந்த 4.6 விநாடி ஜிடிஓ-வை நினைத்துப் பாருங்கள். என் கணக்குப்படி 421 இன்ஜின் மட்டும் அந்த எண்ணை விளக்காது. 1964-ன் ஒல்லி டயரில் 4.6 வர வேண்டுமென்றால் இன்ஜினை மாற்றியதோடு ஸ்டாப்வாட்சையும் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். இது என் சந்தேகம், குற்றச்சாட்டு இல்லை.

டயரில் அப்படி என்ன மாறியது? அன்றைய டயர் பயாஸ் வகை. உள்ளே இருக்கிற நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக, கட்டில் கயிறு பின்னல் மாதிரி, ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்குச் சாய்வாக ஓடும். பக்கச் சுவரும் மேல்பரப்பும் ஒரே பின்னல். அதனால் சுவர் நெளிந்தால் தரையில் பதிந்திருக்கிற பகுதியும் சேர்ந்து நெளியும், சுருங்கும், வளைவில் தூக்கிக்கொள்ளும். ரேடியலில் நூல்கள் நேராகக் குறுக்கே போகின்றன. மேலே எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். சுவர் தன் பாட்டுக்கு வளையும், பதிகிற பகுதி தட்டையாகவே இருக்கும். மிஷலின் 1946-லேயே இதற்கு காப்புரிமை எடுத்துவிட்டது. ஆனால் அமெரிக்கக் கார்களில் ரேடியல் பரவலானது 1970-களில்தான். மசில் கார்களின் பொற்காலம் முழுக்கத் தப்பான டயரில் ஓடி முடிந்தது என்றே சொல்லலாம்.

இன்றைய டயருக்கு உராய்வுக் கெழு 1.0, பின்னால் 47 சதவீத எடை என்று அதே சூத்திரத்தில் போடுங்கள். 0.57 ஜி, 4.8 விநாடி. 1600 கிலோ மஸ்டாங் இந்த எல்லையைத் தொட வேண்டுமென்றால் சக்கரத்தில் 320 குதிரை வேண்டும். அதனிடம் அவ்வளவு இல்லை. அதனால்தான் ஐந்தரை. பழைய வண்டியை நிறுத்தியது டயர், புது வண்டியை நிறுத்துவது இன்ஜின். பிரச்சினை அப்படியே தலைகீழாகிவிட்டது.

நாலு சக்கரமும் இழுக்கிற மின்சாரக் கார் என்றால் எடைப் பங்கு பற்றிய கவலையே இல்லை. முழுசா 1 ஜி, 2.7 விநாடி.

நிற்க வேண்டிய இடம்

வேகத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். நிற்பது பற்றி யாரும் ஹாஸ்டலில் சண்டை போடுவதில்லை. உண்மையில் ரெண்டு தலைமுறைக்கும் பெரிய வித்தியாசம் அங்கேதான்.

அன்றைக்குப் பல மசில் கார்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் டிஸ்க் வேண்டுமென்றால் பல மாடல்களில் கூடுதல் காசு. 450 குதிரையை ஆசையாக டிக் செய்தவர்களில் எத்தனை பேர் பிரேக் கட்டத்தை டிக் செய்திருப்பார்கள்? டிரம் சூடானால் விரியும், ஷூவை விட்டு விலகும், பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் சூடானால் தடிமனாகும், அதாவது பேடை நோக்கித்தான் வரும். வெளியே திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறவும் செய்யும். 100 கிமீ வேகத்தில் போகிற 1750 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 675 கிலோஜூல். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அவ்வளவும் வெப்பமாகி அந்த டிரம்களுக்குள் போக வேண்டும்.

முதல் தடவை, குளிர்ந்த பிரேக், ஏபிஎஸ் இல்லை, சக்கரம் லாக் ஆகி வழுக்குகிறது என்று வைப்போம். உராய்வுக் கெழு 0.7. நிற்கிற தூரம் 56 மீட்டர். இன்றைய ரேடியல், ஏபிஎஸ், பெரிய டிஸ்க் எல்லாம் சேர்ந்து 1.05 கொடுத்தால் 37.5 மீட்டர்.

"18 மீட்டர்தானே?" என்று தோன்றும். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். புதுக் கார் முழுசாக நின்றுவிட்ட அதே புள்ளியைப் பழைய கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன? வேகத்தின் வர்க்கத்தில் 2 × முடுக்கம் × தூரத்தைக் கழித்தால் போதும். விநாடிக்கு 16 மீட்டர் வருகிறது. மணிக்கு 57 கிமீ! அந்தப் புள்ளியில் ரோட்டைக் கடந்துகொண்டு ஒருத்தர் இருந்தால், ஒரு காரில் அவருக்குக் கெட்ட கனவு, இன்னொன்றில் ஆம்புலன்ஸ்.

உள்ளே இருப்பவருக்கும் நிலைமை சுமார்தான். அமெரிக்காவில் புதுக் கார்களின் முன் இருக்கைக்குத் தோள் பெல்ட் கட்டாயமானதே 1968-ல். வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தைப் பிரேக் போட்டு நேராக்குகிற இஎஸ்சி, எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக 2012 மாடல் வரை ஆனது. 1966-ல் அங்கே 10 கோடி மைல் பயணத்துக்கு சுமார் 5.5 பேர் இறந்தார்கள், 2019-ல் சுமார் 1.1. காரோடு ரோடும் சட்டமும் மருத்துவமும் சேர்ந்து மாறியதுதான் காரணம் என்றாலும், காரின் பங்கு சின்னதில்லை.

நானும் இந்த விஷயத்தில் யோக்கியன் இல்லை. செகண்ட் ஹாண்டில் ஒரு பைக் வாங்கின கையோடு சவுண்டு நல்லா வரணும் என்று சைலன்சரை மாற்றினேன். பின் டயர் மொட்டை என்று பங்க்சர் கடைக்காரர் ரெண்டு தடவை சொன்னார். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் அண்ணா என்றேன். அந்த அடுத்த மாசத்துக்கு முன்னால் மழை வந்துவிட்டது. முழங்கைத் தழும்பை நேரில் வந்தால் காட்டுகிறேன். அண்ணனுடைய ஷெவெல் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய ஆறு பேரில் நானும் ஒருத்தன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எப்படி முடிந்தது, எப்படித் திரும்பியது

முடிவு சட்டென்று வந்தது. இளைஞர்கள் இந்த வண்டிகளில் அடிபடுவதைப் பார்த்த இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றின. 1970-ல் சுத்தமான காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பெட்ரோலில் ஆக்டேனை உயர்த்தக் கலந்த ஈயம், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். எனவே ஈயம் போக வேண்டும், ஈயம் போனால் ஆக்டேன் குறையும், ஆக்டேன் குறைந்தால் நாக்கிங் வரும். அதற்காகத்தான் கம்ப்ரஷன் ரேஷியோவை முன்கூட்டியே இறக்கினார்கள். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மிச்சத்தை முடித்தது. 1975 கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் 5.7 லிட்டர், 165 குதிரை. பாவமாக இருக்கிறதா? எனக்கும்தான்.

இதே நாக்கிங் பிரச்சினையை இன்றைய இன்ஜின் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் ஒரு பெரிய மரியாதை வரும். அந்த 2.3 லிட்டர் மஸ்டாங்கில் கம்ப்ரஷன் 9.5, அதன் மேல் டர்போ வேறு காற்றை அழுத்துகிறது. 1970-ன் கார்புரேட்டர் இன்ஜினில் இப்படிச் செய்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். இதில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிறார்கள். அது ஆவியாகும்போது உள்ளே இருக்கிற காற்று குளிர்கிறது. இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்த மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். நாக்கிங் சத்தம் கேட்டவுடனே ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதமாக்கும். அன்றைக்கு ஒரு மெக்கானிக் டைமிங்கை ஒரு தடவை வைத்தால் அடுத்த சர்வீஸ் வரை அதுதான். இங்கே நொடிக்கு நொடி.

ஆனால் அந்தச் சத்தம்…

அண்ணனுக்கு நியாயம் செய்யாமல் முடிக்க முடியாது. ஏனென்றால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை. அந்தச் சத்தம் இன்றைக்கு இல்லை.

அதுவும் இயற்பியல்தான். அமெரிக்க வி8-ன் கிராங்க், முன்னாலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். எட்டு சிலிண்டரும் 90 டிகிரிக்கு ஒன்றாகச் சீராகத்தான் வெடிக்கும். ஆனால் இடப்பக்க நாலை மட்டும் எடுத்தால் இடைவெளி சீராக இருக்காது. ரெண்டு அடுத்தடுத்து, பிறகு ஒரு இடைவெளி. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி எக்ஸாஸ்ட் பைப் என்பதால் அந்த ஒழுங்கின்மை அப்படியே காதுக்கு வருகிறது. அதோடு, அதிக ஆர்பிஎம்-மில் சக்தி வேண்டும் என்று கேம்ஷாஃப்டை வடிவமைத்ததால் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் ஒரே சமயம் ரொம்ப நேரம் திறந்திருக்கும். ஐடிலில் புகை உள்ளேயே திரும்பி வந்து கலவையைக் கெடுக்கும், சில வெடிப்புகள் பலமாக, சில பலவீனமாக. நாம் சொக்கிப் போகிற அந்த ‘தட்-தட்… தட்’ உண்மையில் இன்ஜின் மூச்சுத் திணறுகிற சத்தம். இன்றைய இன்ஜினில் வால்வு நேரத்தைக் கம்ப்யூட்டர் மாற்றுகிறது, அது திணறுவதில்லை. ஈகோபூஸ்ட் மஸ்டாங்கில் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இது மட்டும் எனக்குக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஷெவெலின் பானட்டைத் திறந்தால் இன்ஜின் தெரியும். ஸ்க்ரூடிரைவரும் ஸ்பானரும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டலாம். புது வண்டியில் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். அதற்குக் கீழே கை வைக்கணும் என்றால் முதலில் லேப்டாப் வேண்டும், சில சமயம் கம்பெனியின் அனுமதியும். ஓட்ட எனக்குப் புதுசு வேண்டும், பிரித்துப் பார்க்கப் பழசு வேண்டும். ரெண்டுக்கும் காசு இல்லை என்பது வேறு விஷயம். ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங், 2020 ஜனவரியில் கட்டணங்கள் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எண் விளையாட்டும் நிற்கவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 2023-ல் டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170 என்று கடைசியாக ஒரு அரக்கனை விட்டார்கள். 1025 குதிரை, 60 மைல் தொட 1.66 விநாடி. பின் சக்கர டிரைவ்! நம் சூத்திரத்தில் வைத்தால் சராசரியே 1.6 ஜி. தெரு ரோட்டில் சாதாரண டயரில் நடக்கவே நடக்காது. அது டிராக் ரேசுக்கான ஒட்டும் டயர், பசை தெளித்துத் தயார் செய்த தளம், அப்புறம் ‘ரோல் அவுட்’. வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 1 ஜி-யில் அந்த ஒரு அடிக்கே கால் விநாடி ஆகும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் 2 விநாடிக்குக் குறைவான எண்ணிலும் இதே ஒரு அடிச் சலுகை உண்டு. அன்றைக்குச் சைலன்சரைக் கழற்றிவிட்டு அளந்தார்கள், இன்றைக்கு ஒரு அடியைக் கழித்துவிட்டு அளக்கிறார்கள்.

லீவு முடிந்து வந்ததும் இந்தக் கணக்கை அண்ணனிடம் காட்டினேன். ரெண்டு தடவை படித்தார். 0.44-ஐ 0.46 ஆக்கினால் என்ன வரும் என்று கேட்டார். போட்டுக் காட்டினேன், 6.4 வந்தது. ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பைத் திறந்து அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டார். சார்ஜர் முன்னங்காலைத் தூக்கியது. எட்டுப் பேரும் இந்தத் தடவை பின் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எந்த டயர்டா அது?" என்றார் அண்ணன்.